சாவு வாய், கல்யாண வாய்

சாவுக்கு ஊதப் போகிற நாட்களில், வாளியில் தண்ணீர் பிடித்து, ஒரு துண்டையும் மாற்றுக் கைலியையும் வெளிக் குழாயடியில் வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். திரும்பி வரும்போது உள்ளே இருந்து எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. குளிக்காமல் உள்ளே போனால் ஏன் என்று கேட்கவும் ஆள் இல்லை. ஒரு நாள் போய்த்தான் பார்ப்போமே என்று வாசற்படி வரைக்கும் போனேன். கால் எழவில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் தப்புச் செய்வதில் ஒரு ருசியும் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நான் டிரம்பெட் ஊதுகிறவன். கோலா கெத்தில் இடைநிலைப் பள்ளியின் பேண்டில், உயரம் போதாததால் பெரிய மேளத்தைத் தராமல் இதைக் கையில் கொடுத்தார்கள். பிறகு சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோரில் வேலை பார்த்தேன், இப்போது ஓய்வு. ஆனால் ஊதுவதை விடவில்லை. சீனர் வீட்டுச் சாவு ஊர்வலத்தில் வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்டுக்கொண்டு லோரிக்கு முன்னால் ஊதிக்கொண்டு நடப்பார்களே, அந்தப் பேண்டில் ஒருவன் நான். தமிழர் கல்யாணங்களில் மேடையில் வாசிக்கிற இசைக்குழுவிலும் ஒருவன் நான். உதடு ஒன்றுதான். காலையில் அழுகிறவர்களுக்கும் மாலையில் சிரிக்கிறவர்களுக்கும் அதையே வைத்துச் சமாளித்து வந்தேன்.

என் மனைவி கையுறை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். புக்கிட் செலம்பாவில் வரிசை வீடு ஒன்று எங்களுக்கு. பிள்ளை இல்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டோம். ஊர்தான் முடிக்கவில்லை.

கல்யாணமாகி நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் கோலா கெத்திலில் சாவு, மாலையில் பாடாங் செராய் மண்டபத்தில் கல்யாணம். நடுவில் வீட்டுக்கு வர நேரமில்லை. மண்டபத்துக் கழிவறையில் கைகால் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு மேடை ஏறிவிட்டேன். மறுநாள் தோசை சாப்பிடும்போது இதை ஏதோ பெரிய சாமர்த்தியம்போல் அவளிடம் சொன்னேன். அவள் தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

டிரம்பெட்டின் முனையில் சொருகி, உதட்டில் வைத்து ஊதுகிற கிண்ணம்போன்ற சின்னத் துண்டுக்கு மவுத்பீஸ் என்று பெயர். அவள் அதை வாய் என்றுதான் சொல்வாள்.

"கொழாய கழுவிக்கலாம். வாய எப்படிங்க கழுவுறது? சாவு வீட்டுல வச்சி ஊதுனத கொண்டுபோயி பொண்ணு மாப்பிள முன்னால வப்பீங்களா?"

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் ஆரம்பித்தேன். அவள் என்னை முழுதாகப் பேச விடவில்லை.

"நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒன்னுன்னா என்னா சொல்லுவாங்க? பிள்ள இல்லாதவன் வந்து ஊதுனான்னுதான் சொல்லுவாங்க. ஒங்கள சொல்ல மாட்டாங்க லா. என்னயதான் சொல்லுவாங்க."

அடுத்த வாரமே பினாங்குக்குப் போய் இன்னொரு மவுத்பீஸ் வாங்கினேன். கடைக்காரர் கல்யாணப் பாட்டுக்கு என்றதும் குழி குறைவான, விளிம்பு மெலிந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மேல் ஸ்தாயி சுலபமாக வரும், வெள்ளிபோலக் கணீரென்று கேட்கும் என்றார். என்னிடம் இருந்த பழையது நல்ல ஆழம், தடித்த விளிம்பு. நடுவிலேயே நிற்கிற மெதுவான சாவுப் பாட்டுகளுக்கு அது பொருத்தம். ஆக, பழையது சாவு வாய் ஆயிற்று, புதியது கல்யாண வாய் ஆயிற்று.

சாவு வாய்க்கு வெளிக் குழாயடியில் சுவரோரம் ஒரு மைலோ டின். நான் ஊர்வலம் முடிந்து வந்து அதை டின்னில் போட வேண்டும். 'டங்' என்று சத்தம் கேட்டதும் அவள் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து டின்னுக்குள் ஊற்றுவாள், மீதியை டிரம்பெட்டின் மேல் தெளிப்பாள், அதற்கும் மீதி இருந்தால் என் மேல். சீனர்கள் வேறு சாவு வீட்டிலேயே ஒரு மிட்டாயும் சிவப்பு நூலும் கொடுத்துத் தீட்டுக் கழித்துத்தான் அனுப்புவார்கள். இரண்டு இனமும் சேர்ந்து என்னைச் சுத்தம் செய்ததில் அந்த வட்டாரத்திலேயே சுத்தமான ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன். கல்யாண வாய் மட்டும் சாமி மாடத்துக்குக் கீழே இருக்கிற இழுப்பறையில், ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி, திரிக்கும் கற்பூரத்துக்கும் பக்கத்தில் இருக்கும். வீட்டில் பயிற்சி செய்வதும் அதில்தான்.

கேட்க அழகான ஏற்பாடு. என் உதட்டைத்தான் அது நாசம் செய்தது.

ஊதாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிரம்பெட்டில் மேலே ஏறுவதற்குப் படிக்கட்டு எதுவும் இல்லை. இருப்பது மூன்று பொத்தான்கள். மற்றதெல்லாம் உதடு மூச்சு இரண்டின் பொறுப்பு. மேலே போகப் போக உதடு சின்னதாக, இறுக்கமாக, ஆனால் நசுங்காமல் அதிர வேண்டும். விளிம்பு உதட்டில் எங்கே உட்கார்கிறது என்பதில் ஒரு மயிரிழை பிசகினாலும் மேல் சுரம் கீறிக்கொண்டு விழும். நானோ வாரத்தில் இரண்டு மூன்று சாவுக்குத் தடித்த விளிம்பை மணிக்கணக்கில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மெல்லிய விளிம்புக்கு வருவேன். உதட்டுக்கு எந்த வீட்டில் இருக்கிறோம் என்றே தெரியாது. சுரம் வராவிட்டால் என்ன செய்வோம்? அழுத்துவோம். டிரம்பெட்டை முகத்தோடு சேர்த்து அமுக்கி அமுக்கி, கல்யாணம் முடியும்போது உதட்டில் சிவப்பு வளையம் பதிந்திருக்கும். சாம்பார் பட்டால் எரியும்.

எங்கள் குழுவில் பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நுழையும்போது வாசிக்கிற ஒரு வரவேற்பு உண்டு. கடைசியில் டிரம்பெட் மட்டும் தனியாக ஏறி, மேல் ஸ்தாயியின் ஸாவில் போய் நிற்க வேண்டும். எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் அது. பல வருடம் அந்த இடத்துக்கு வந்ததும் டிரம்பெட்டை இன்னும் அமுக்கிப் பிடிப்பேன். பத்துக் கல்யாணத்தில் நாலில் வரும், மற்றதில் கீபோர்டு தம்பி சத்தத்தைக் கூட்டி என் மானத்தைக் காப்பாற்றுவார்.

ஒரு முறை அவராலும் முடியவில்லை. சுரம் கீறிய கீறலில் மணப்பெண்ணே மேடையைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டேன். மனைவி என்னவென்று கேட்டாள். உன் சட்டம்தான் என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்தது. பிள்ளை இல்லாதவன் என்று ஊர் சொல்லும் என்ற அவள் பேச்சு ஞாபகம் வந்து, தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

சாவு பேண்டின் தலைவர் ஒரு சீனர், என் வயதுதான் இருக்கும். மறுவாரம் ஊர்வலத்துக்குக் காத்திருக்கும்போது வீங்கின என் உதட்டைப் பார்த்துவிட்டு விசாரித்தார். நான் இரண்டு மவுத்பீஸ் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அவர் வீட்டிலும் இப்படிச் சட்டங்கள் இருக்கும்போல. உதடு ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும் அண்ணே, எதையாவது ஒன்றை எடுத்து ஆறு மாதம் அதிலேயே ஊதிப் பாருங்கள் என்று மலாயில் சொன்னார். மனைவியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்டால் என்ன சொல்வாள் என்பதும் தெரியும். அதனால் கேட்கவில்லை.

இப்படித்தான் என் திருட்டு ஆரம்பித்தது. சாவுக்குக் கிளம்பும்போது டின்னில் இருக்கிற பழையதைச் சத்தம் கேட்கும்படி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வேன். அதற்கு முன்பே கல்யாண வாய் கைக்குட்டையோடு என் உடுப்புப் பையில் ஏறியிருக்கும். ஊர்வலத்தில் அதில்தான் ஊதுவேன். திரும்பி வந்ததும், ஊதாத பழையதை 'டங்' என்று டின்னில் போடுவேன். அவள் அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவாள். நான் குளித்து உள்ளே போய், விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பே கைக்குட்டையை இழுப்பறையில் வைத்துவிடுவேன். முப்பது வருடம் ஸ்டோரில் சரக்குப் பார்த்த எனக்கு இதெல்லாம் பெரிய வேலையா?

பலன் ஒரே வாரத்தில் வரவில்லை. குழி குறைவான மவுத்பீஸில் சாவுப் பாட்டு முதலில் கொசு பாடுவதுபோல் இருந்தது. அழுத்தினால் இன்னும் மோசம். வேறு வழியில்லாமல் தொண்டையைத் திறந்து, மூச்சை அடியிலிருந்து விட்டு, உதட்டில் பட்டும் படாமலும் வைத்து, மெதுவாக, நீளமாக ஊதினேன். லோரி நடக்கிற வேகத்தில் வெயிலில் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர். மேல் ஸ்தாயிக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்பது பிறகுதான் புரிந்தது. நான்காவது மாதம், வீட்டுப் பின்கட்டில் சாயந்திரம் ஊதிக்கொண்டிருந்தபோது அந்த மேல் ஸா தானாக வந்து நின்றது. நான் அழுத்தவே இல்லை. பயந்துபோய் நிறுத்திவிட்டு மறுபடி ஊதினேன். மறுபடியும் வந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அன்றைக்குக் கேட்காமலே காப்பி வந்தது.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் நான் ராஜா. பாடாங் செராயிலும் கூலிமிலும் மண்டபத்து வாசலில் பெண் கால் வைக்கும்போது என் சுரம் கூரையில் போய் முட்டும். கல்யாணத்தில் கிடைத்த கைதட்டல் எல்லாம் சாவு ஊர்வலத்தில் சம்பாதித்தது என்று யாருக்கும் தெரியாது. அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். சொன்னால் அந்தச் சுரம் போய்விடும் என்று பயம். சொல்லாமலே விட்டேன்.

பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள்.

எனக்குப் படிப்பு கொஞ்சம் உண்டு. மவுத்பீஸை மாற்றி வைப்பதால் யாருக்கும் கட்டி வராது என்று தெரியும். தெரிந்து என்ன செய்வது? மருத்துவமனை நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எத்தனை சாவில் அதை ஊதினேன், எத்தனை தடவை அந்தச் சாவைச் சாமி மாடத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மணப்பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவளுக்கு ஆகிவிட்டது. அந்த வாரமே பழைய ஒழுங்குக்குத் திரும்பினேன். சாவுக்குச் சாவு வாய், கல்யாணத்துக்குக் கல்யாண வாய். ஒன்றரை மாதத்தில் என் மேல் ஸா போய்விட்டது. போகட்டும், அவள் இருந்தால் போதும் என்று சாமியிடம் பேரம் பேசினேன்.

சிகிச்சைக்கு நடுவில் வீட்டில் இருந்த ஒரு சாயந்திரம், அவள் கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தாள். நான் பின்கட்டில் ஊதிப் பார்த்துவிட்டு, முடியாமல், கழற்றி வைத்துவிட்டு வந்தேன். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"ஏங்க, அந்த மேல ஏறி நிக்குறது ஏன் இப்ப வர மாட்டுது?"

"வயசாச்சில்ல."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்ததுபோல இருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். உனக்குத் தெரியாமல் இப்படிச் செய்தேன், அதனால்தான் அந்தச் சுரம் வந்தது, இப்போது பயந்து விட்டுவிட்டேன் என்று நாலு வார்த்தை. என்னால் முடியவில்லை. அவள் சாகும் நேரத்தில், என்னால்தான் கட்டி வந்ததோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டு போகக் கூடாது என்று நினைத்தேன். கஞ்சி வைக்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன். அந்தப் பேச்சு மறுபடி எழவே இல்லை. ஆறு மாதத்தில் போய்விட்டாள்.

சாவு பேண்ட்காரர்கள் யாரும் கூப்பிடாமலே வெள்ளை உடுப்பில் வந்து நின்றார்கள். தப்பு அடிப்பவர்கள் வந்து சேரும் முன் ஊதலாமா என்று தலைவர் கேட்டார். நான் தலையாட்டினேன். நான் ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டிக்கு நின்றேன், என் இடத்தைக் காலியாகவே விட்டு வரிசை பிடித்திருந்தார்கள். மெட்டை எடுத்துப் போகிற என் டிரம்பெட் இல்லாமல் அந்தப் பாட்டு கீழ்க்குரல்களில் மட்டுமே நடந்தது. மேலே ஆள் இல்லாத பாட்டு எப்படி இருக்கும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வெளியே நின்று கேட்டேன்.

பதினாறு நாள் சாமி மாடம் மூடியிருந்தது. கருமாதி முடிந்து, வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் போன பிறகு, சாயந்திரம் ஆறரை மணிக்கு விளக்கேற்ற நான்தான் இருந்தேன். முப்பது வருடத்தில் நான் விளக்கேற்றியதில்லை. திரி எடுக்க இழுப்பறையைத் திறந்தேன். திறந்ததும் ஊதுபத்தி வாசனை அடித்தது. நம்முடைய ஊதுபத்தி இல்லை. சீனர் சாவு வீட்டில் கட்டை கட்டையாக ஏற்றுவார்களே, அந்தப் புகையும் காகிதம் எரிந்த நெடியும். கைக்குட்டையிலிருந்து வந்தது. ஒரு வருடத்துக்கும் மேல் அந்த இழுப்பறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்த வாசனை. அதே புகையில் ஊறிப்போன என் மூக்குக்கு இத்தனை நாள் அது தனியாகத் தெரியவில்லை.

நான் எவ்வளவு பெரிய மடையன். விளக்கு நேரத்துக்குள் திருப்பி வைத்தால் போதும் என்று கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். தினமும் திரிக்காக அந்த இழுப்பறையைத் திறக்கிறவள், அந்த வாசனை பட்ட என் உடுப்பை வெளியே வாளியில் ஊற வைக்கிறவள், அவளுக்கா தெரியாது? முதல் நாளே தெரிந்திருக்கும்.

கைக்குட்டையைப் பிரித்து வெளிச்சத்தில் விரித்தேன். அதில் மஞ்சள் கறை இருந்ததை முன்பே பார்த்திருக்கிறேன். அந்த இழுப்பறையில் மஞ்சள் படாத பொருளே கிடையாது என்பதால் கண்டுகொண்டதில்லை. விரித்துப் பார்த்தபோதுதான் அது கொட்டிய கறை இல்லை என்று தெரிந்தது. வட்டம். ஒன்றின் மேல் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சம் தள்ளி, எத்தனையோ வட்டங்கள். மவுத்பீஸை எடுத்து ஒன்றின் மேல் கவிழ்த்து வைத்தேன். விளிம்பு சரியாக உட்கார்ந்தது. நான் திருட்டுத்தனமாக வைத்துவிட்டுப் போன ஒவ்வொரு முறையும் அவள் அதை எடுத்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு கவிழ்த்து உலர வைத்திருக்கிறாள். பிறகு பழையபடி சுற்றி வைத்துவிட்டு விளக்கேற்றியிருக்கிறாள். வெளியே டின்னில், ஊதவே ஊதாத பழையதற்கும் எனக்காக மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். கல்யாண வீட்டுக்குத் தீட்டுப் போகக் கூடாது, என் சுரமும் போகக் கூடாது. இரண்டையும் அவள் ஒருத்தியே சமாளித்திருக்கிறாள்.

அன்றைக்கு விளக்கேற்ற வெகுநேரம் ஆயிற்று. வாய்விட்டு அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டது என்னைப் பிடிப்பதற்கு இல்லை. நான் பயந்து நிறுத்திவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு அந்தச் சுரத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது. நான் வயசாச்சு என்றேன்.

இப்போது என்னிடம் புழக்கத்தில் இருப்பது கல்யாண வாய் ஒன்றுதான். பழையது டின்னிலேயே கிடக்கிறது. ஊர்வலம் முடிந்து வந்தால் குழாயடியில் நானே மஞ்சள் கரைத்துக் கல்யாண வாயைக் கழுவி, வேறொரு துணியில் கவிழ்த்து வைக்கிறேன். நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. கழுவாமல் வைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த மேல் ஸா திரும்பி வர ஆறு மாதம் பிடித்தது. போன மாதம் ஒரு சாயந்திரம் பின்கட்டில் ஊதும்போது அது வந்து நின்றது. உதடு நோகவில்லை. சத்தம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற செம்பனைத் தோட்டம் வரைக்கும் போயிருக்கும். நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சமையலறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு நானே போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். ஏன் வர மாட்டுது என்று கேட்டவளுக்கு, வந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை.